எந்த வௌவால்?

மகள் உருண்டையின் கையில் இருந்த கீறலை முதலில் பார்த்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகு வந்தது.

வேனில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். பெரிய ஹோட்டல் ஒன்று தன் வரவேற்பறைக்கு வௌவால் பூச்செடிகள் கேட்டிருந்தது. அன்று மாலை விருந்து, அதற்குள் போய்ச் சேர வேண்டும். கணவன் வேனுக்குள் குனிந்து நின்று தொட்டிகளை வாங்கி அடுக்கினான். அவள் நிழல்வலைக் கொட்டகைக்கும் வேனுக்குமாக நடையாய் நடந்தாள். நடுவில் கிழிந்த இலையைக் கண்டால் இடுப்பிலிருந்து கத்தரியை உருவி நறுக்கி விடுவாள். நர்சரியில் எல்லோருக்கும் அவள் பெயரே கத்தரிதான். "கத்தரின்னா காயா, கருவியா?" என்று கேலி செய்ய ஆரம்பித்தது கணவன். ஊர் முழுக்கப் பரப்பியது அவனுடைய அக்கா.

நாலு வயது உருண்டை சட்டைக் கை இரண்டும் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"எங்கடி போய் நனைஞ்ச? இங்க வா. கையைக் காட்டு. இது என்ன கீறல்?"

கட்டைவிரலுக்குக் கீழே, மெல்லிய சிவப்புக் கோடு. அதன் முனையில் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளி.

"வவ்வால் கீறிடுச்சும்மா."

"வவ்வால் கிட்டப் போகாத, போகாதன்னு எத்தனை தடவை சொல்றது? விக்கப் போறதுடி அதெல்லாம். மீசை ஒடிஞ்சா யார் வாங்குவா?"

உருண்டையின் உதடு பிதுங்கியது. அவள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்த தொட்டியைத் தூக்கப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் வௌவால் என்றால் செடிதான். கல்யாணமான புதிதில் கணவன் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்த முதல் பரிசு அது. "எல்லாருக்கும் ரோஜா கிடைக்குது, எனக்கு வாய்ச்சவர் வவ்வால் கொடுத்தார்" என்று அவள் இன்றும் சொல்லிக் காட்டுவாள். பூ என்று சொன்னால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கறுப்பென்றே சொல்லத்தக்க கருஞ்சிவப்பில் விரிந்த இரண்டு இறக்கைகள், நடுவே முகங்கள் போல் ஒரு கொத்து, அதிலிருந்து கீழே வழியும் நீள நீளமான மீசைகள். ஒரு கிழங்கில் தொடங்கியது இப்போது ஒரு கொட்டகையாகப் பெருகியிருந்தது. பெருகப் பெருகப் பெயர் சுருங்கிவிட்டது. பூவும் செடியும் உதிர்ந்து வௌவால் மட்டும் மிஞ்சியது. "வவ்வாலுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" "ரெண்டு வவ்வால் அழுகிப்போச்சு." இப்படித்தான் பேச்சு. படப் புத்தகத்தில் நிஜ வௌவாலைப் பார்த்தபோது உருண்டை, "அய்யோ, நம்ம பூவுக்குக் காது முளைச்சிருக்கு" என்று சிரித்தாள்.

வேன் கதவைச் சாத்தப் போகும்போது நாத்தனார் முன்பக்கக் கடையிலிருந்து வந்தாள். வாடிக்கையாளரைக் கவனிப்பது அவள் வேலை.

"ஏம்மா கத்தரி, கொட்டகைக்குள்ள ஒரு வவ்வால் விழுந்து கிடந்துச்சே, யாராவது எடுத்துப் போட்டீங்களா?"

"எது அண்ணி? தொட்டி உடைஞ்சிடுச்சா?"

"தொட்டியா? அட, நான் நிஜ வவ்வாலைச் சொல்றேன். உசுரோட! பட்டப்பகல்ல தரையில தவழ்ந்துகிட்டு இருந்துச்சு. துடைப்பத்தை எடுக்கலாம்னு போனேன், அதுக்குள்ள ஒருத்தர் வந்து ரோஜாத் தொட்டிக்குப் பேரம் பேச ஆரம்பிச்சுட்டார். திரும்பி வந்து பாத்தா காணோம்."

கத்தரியின் கையில் இருந்த கயிறு நழுவியது.

தோட்டத் தொழில் செய்கிறவர்கள் கூட்டமொன்றில் ஒரு மருத்துவர் பேசியது அப்படியே காதில் ஒலித்தது. நாய்க்கு வரும் வெறிநோய் வௌவாலுக்கும் வரலாம். பகலில் தரையில் கிடக்கும் வௌவாலைத் தொடவே கூடாது. அதன் பல் பட்ட இடம் ஊசிமுனை அளவுதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. உடனே ஊசி போட்டால் பிழைக்கலாம். நோய் தெரிய ஆரம்பித்த பிறகு மருந்து கிடையாது. அன்று எல்லோரோடும் சேர்ந்து அவளும் தலையாட்டிவிட்டு தேநீர் குடிக்கப் போயிருந்தாள்.

"உருண்டை!"

அவள் கத்திய கத்தலில் கணவன் வேனிலிருந்து குதித்தான்.

உருண்டை கடைவாசலில் உட்கார்ந்து கூழாங்கற்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் குழந்தையின் முன் மண்டியிட்டாள். குரலை முடிந்தவரை மெதுவாக்கினாள்.

"கண்ணு, உன் கையைக் கீறினது எது?"

"வவ்வால்."

"எந்த வவ்வால்?"

"நம்ம வவ்வால்."

"கேட்டியா?" என்றான் கணவன். விஷயம் அவனுக்கு அக்கா வாயிலிருந்து பாதி வந்து சேர்ந்திருந்தது. "நம்ம வவ்வாலாம். செடி."

"இருங்க. கண்ணு, அது கறுப்பா இருந்துச்சா?"

"ம்."

"இறக்கை?"

"விரிச்சு வச்சிருந்துச்சு."

"மீசை இருந்துச்சா?"

உருண்டை யோசித்தாள். "குட்டியா."

"குட்டிச் செடி" என்றான் கணவன். "பின்வரிசையில இருக்கறதெல்லாம் இப்பத்தானே மீசை விடுது."

"அசைஞ்சுச்சா கண்ணு?"

"ஆடிச்சு."

"காத்தாடி ஓடுதுல்ல, அத்தனையும்தான் ஆடும்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "எங்கடா செல்லம் இருந்துச்சு?"

"தொட்டியில."

கணவன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான். இனி என்ன வேண்டும் என்பது போல. ஆனால் கொட்டகையின் மூலையில் இன்னொரு தொட்டியும் இருந்தது. செடிகளுக்குத் தெளிக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கும் சிமெண்டுத் தொட்டி. உருண்டையின் சட்டைக் கை இன்னும் காயவில்லை.

உருண்டையை வாசலில் விட்டு, நாத்தனாரோடு மூவரும் கொட்டகைக்கு ஓடினார்கள். தண்ணீர்த் தொட்டியில் இலைச் சருகு மட்டும் மிதந்தது. பலகைகளுக்கு அடியில், சாக்குகளுக்குப் பின்னால், வலையின் மடிப்புகளில் எல்லாம் தேடினார்கள். வௌவால் இல்லை. எங்கு திரும்பினாலும் கறுப்பு இறக்கைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் அவற்றைப் பார்த்து மனம் குளிர்ந்திருப்பாள். இன்று ஒவ்வொன்றும் அவளைத் திரும்பிப் பார்ப்பது போல் இருந்தது.

"இங்க வா கத்தரி! இங்க வந்து பாரு!"

பின்வரிசையில் ஒரு சிறு செடி சாய்ந்திருந்தது. பூத்தண்டு வளையாமலிருக்கக் குச்சியோடு சேர்த்துக் கட்டிய கம்பி அவிழ்ந்து, அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கணவன் தன் விரலால் அதை அழுத்திக் காட்டினான். சிவப்புப் புள்ளி விழுந்தது.

"இதுதான். இதேதான். பிள்ளை கையை விட்டிருக்கு, கம்பி கீறியிருக்கு. நீ ஒரு நிமிஷத்துல என் உசுரையே எடுத்துட்ட."

அவள் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. நாத்தனாரும் சிரித்தாள். "நான் பாத்ததே ஒருவேளை உதிர்ந்த பூவா இருக்குமோ என்னமோ. கண்ணாடியும் போடல" என்று தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டுக் கத்தரி உருண்டையிடம் திரும்பி வந்தாள்.

"வவ்வாலைக் கீழ தள்ளிட்டியாடி, திருட்டுப் பொண்ணே? சாஞ்சு நிக்குது."

"நான் தள்ளல. தொட்டியில கிடந்துச்சு."

"சரி சரி, தள்ளல" என்று சொல்லியபடி நாலு எட்டு நடந்தவள் நின்றாள்.

கிடந்துச்சு.

செடி தொட்டியில் நிற்கும். இருக்கும். பூக்கும். தொட்டியில் செடி கிடந்து அவள் கேட்டதில்லை. கிடப்பதென்றால் அது வேறு எங்கிருந்தோ வந்து விழுந்ததாக இருக்க வேண்டும்.

அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சோப்பைப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கையைப் பிடித்துத் தேய்த்தாள். உருண்டை அலறினாள். அவள் விடவில்லை.

"இப்ப என்ன ஆச்சு?" என்று கணவன் வந்தான்.

"கிடந்துச்சுன்னு சொல்றா. செடி கிடக்குமா?"

"நாலு வயசுப் பிள்ளைகிட்ட இலக்கணம் பாக்கறியா நீ?"

"பாக்கறேன். வண்டியை எடுங்க."

"பொம்மை சாப்பிடுதுன்னு சொல்றவ அவ. கல்லுக்குச் சோறு ஊட்டறா!"

"வண்டியை எடுங்கன்னு சொன்னேன்."

"எடுடா தம்பி" என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "உதிர்ந்த பூ தவழாது. நான் பாத்தது தவழ்ந்துச்சு."

தொட்டிகளை இறக்கி வைக்க நேரமில்லை. வேனின் பின்பக்கம் முழுக்க வௌவால்கள் தலையாட்டிக்கொண்டு வந்தன. நாத்தனார் கடையில் நின்றுவிட்டாள். முன்னால் மூவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் கையை அவள் தன் மடியில், உடையும் பொருளை வைத்திருப்பது போல் வைத்திருந்தாள். தண்ணீர் பட்டுக் கீறல் வெளுத்திருந்தது. இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"ஹோட்டல் வழியிலதான் இருக்கு" என்றான் கணவன். "இறக்கிப் போட்டுட்டு..."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வேகத்தைக் கூட்டினான்.

சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு மாறுவதாக இல்லை. அவன் ஸ்டியரிங்கில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டு வரும்போது போடுகிற தாளம் அல்ல அது.

"கோவமா?" என்றாள்.

"இல்ல." தெருவைப் பார்த்தபடியே சொன்னான். "அது செடியா இருக்கணும் கத்தரி. அவ்வளவுதான். நான் வேற எதையும் நினைக்கத் தயாரா இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா? எனக்கும் அது செடியாத்தான் இருக்கணும்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொல்லிகிட்டே வர்ற?"

"இல்லைன்னு சொல்லல. தெரியலைன்னு சொல்றேன்."

"செடி, செடின்னு சொல்றீங்களே, எந்தச் செடிப்பா?" என்றாள் உருண்டை நடுவிலிருந்து.

சிக்னல் பச்சையானது.

ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசிக்கென்று தனி அறை இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கீறலைப் பார்த்தார். கழுவினீர்களா என்று கேட்டார். நன்றாகக் கழுவியதாகச் சொன்னதும் தலையசைத்தார்.

"வௌவாலைப் பாத்தீங்களா?"

"பாக்கல டாக்டர். அண்ணி பாத்திருக்காங்க. ஆனா எங்க வீட்டுல வவ்வால்னா..." அவள் ஆரம்பித்தாள். கணவன் நடுவில் புகுந்தான். இருவரும் மாறி மாறிச் சொன்னதில் டாக்டரம்மாவுக்குத் தலை சுற்றியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. செடிக்குப் பேரு வௌவாலா? அது எப்படி இருக்கும்?"

"வண்டியில இருக்கு டாக்டர்" என்று கணவன் ஓடினான்.

அவன் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது வராந்தாவில் காத்திருந்தவர்கள் ஒதுங்கினார்கள். நாய்க்கடிக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் காலை பெஞ்சு மேல் தூக்கிக்கொண்டார். "ஏம்பா, கடிச்சதைக் கையோட கூட்டிட்டே வந்துட்டியா?"

டாக்டரம்மா பூவை ஒரு கணம் பார்த்தார். "நல்லவேளை, முதல்லயே சொன்னீங்க. இல்லன்னா நானே எழுந்து ஓடியிருப்பேன்." பிறகு தன் போனில் வௌவால் படமொன்றை எடுத்துப் பூவின் பக்கத்தில் பிடித்தார். ஒன்றில் இருந்ததெல்லாம் மற்றதிலும் இருந்தது. விரிந்த கறுப்பு, நடுவில் சுருங்கிய முகம். ஒன்று வேர் விட்டு நின்ற இடத்தில் நிற்பது. மற்றது சிறகு கொண்டு போய்விட்டது. எது கீறியிருந்தாலும் குழந்தையின் கையில் விழும் கோடு ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

"பாப்பா, இதுல உன்னைக் கீறினது எது?"

உருண்டை இரண்டையும் பார்த்தாள். "ரெண்டும் வவ்வால்."

"ஆமாடா. கீறினது எது?"

உருண்டை வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் நர்ஸ் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டில் ஊசிகள் இருந்தன. உருண்டையின் கண் பூவிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து அம்மாவுக்கும் போனது.

"செடி! செடிதான் கீறிச்சு! செடி!"

கணவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "பாத்தீங்களா டாக்டர். பிள்ளையே சொல்லிடுச்சு."

டாக்டரம்மா அவனைப் பார்க்காமல் கத்தரியைப் பார்த்தார். "என்னைக் கேட்டா, சந்தேகம் இருந்தாலே போட்டுடணும்னுதான் சொல்வேன். போட்டதால கெடுதல் இல்ல. ஆனா கீறின இடத்தைச் சுத்தியும் மருந்து போடணும். பிள்ளைக்கு ரொம்ப வலிக்கும். திரும்பத் திரும்ப வரணும். நீங்க சரின்னு சொல்லணும்."

"அதான் செடின்னு சொல்லுதே. எதுக்கு அவளைப் போட்டு..." கணவனின் குரல் கெஞ்சியது. "கத்தரி, அவ கையைப் பாரு. எவ்வளவு சின்னக் கை."

உருண்டை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். செடிம்மா, செடிம்மா. அந்தச் சூடான மூச்சுக்கு இணங்கிவிடலாம் என்றிருந்தது. குழந்தை சொல்கிறது, கணவன் சொல்கிறான், கம்பி முனையும் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் வெளியே நடந்துவிடலாம். விருந்துக்குக்கூட நேரமிருக்கிறது.

"போடுங்க டாக்டர்" என்றாள்.

"கத்தரி!"

"அவ பொய் சொல்றா."

"பிள்ளையைப் போய்..."

"அவ பிறந்ததுலேர்ந்து அதைச் செடின்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? ஒரு தடவை? வண்டியில வரும்போது நம்மகிட்டயே கேட்டா, எந்தச் செடின்னு. அந்த வார்த்தையே இன்னிக்கு நம்ம சண்டையிலதான் அவளுக்குக் கிடைச்சது. செடின்னா ஊசி இல்ல, வவ்வால்னா ஊசி. அது அவளுக்குப் புரிஞ்சுடுச்சு." அவள் குழந்தையின் முதுகைத் தடவினாள். "நிஜமாவே செடி கீறியிருந்தா அவ வவ்வால்னுதான் சொல்லியிருப்பா."

கணவன் தன் மடியில் இருந்த பூவைப் பார்த்தான், தன் மகளைப் பார்த்தான். பிறகு தொட்டியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"என்கிட்டக் கொடு" என்றான். "நான் பிடிச்சுக்கறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

அவள் திரும்பிக்கொள்ளவில்லை. கணவனின் கைகளுக்குள் உருண்டை துள்ளினாள். அவன் தன் கன்னத்தை அவள் உச்சியில் அழுத்தி, "முடிஞ்சுது, முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது" என்று முடியும் முன்பே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கண்கள் இறுக மூடியிருந்தன.

எல்லாம் ஆன பிறகு, சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் உருண்டை அப்பாவின் மடியில் விம்மியபடி கிடந்தாள். அழுகை வடிந்து, விக்கல் மட்டும் மிச்சமிருந்தது.

"அப்பா, நான் அதைத் தூக்கி வெளிய விட்டேன்."

அவன் கை குழந்தையின் முதுகில் நின்றது. "வெளிய வச்சியாம்மா, விட்டியா?"

"விட்டேன். தண்ணியில கிடந்து நடுங்குச்சுப்பா. தூக்கினேன், கீறிடுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் விட்டேன். மெதுவா மெதுவாப் போச்சு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவள் அவன் தலைமுடியில் கை வைத்தாள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் மனதுக்குள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கும் ஊசி போடுவாங்களா?" என்றாள் உருண்டை.

அவள் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"உருண்டை, இங்க பாரு" என்றாள் அவள். "இனிமே அது மாதிரி கீழ கிடந்தா தொடக்கூடாது. பாவமா இருந்தாலும் தொடக்கூடாது. நின்ன இடத்துலேர்ந்தே எங்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடணும். என்னன்னு கூப்பிடுவ?"

உருண்டை மூக்கை அப்பாவின் சட்டையில் துடைத்துக்கொண்டாள். சற்று யோசித்தாள். பிறகு இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒத்திகை பார்த்தாள்.

"அம்மா! பறக்குற வவ்வால்!"

வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். பெரியவர் மறுபடியும் காலைத் தூக்கிக்கொண்டார். கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கத்தரியும் அண்ணாந்து பார்த்தாள். மூலைமூலையாகப் பார்த்து முடித்த பிறகுதான் தலையைத் தாழ்த்தினாள்.